215 பேரா, 17 பேரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகராதி, ஆண்டு மலர், போட்டித் தேர்வுக் கையேடு, கலைச்சொல் தொகுதி போன்றவற்றுக்குப் பதிவு எழுதுவதும் பிறர் எழுதியதைத் திருத்துவதும் எங்கள் வேலை. நாளிதழ்ச் செய்தி மறுநாளே பழசு என்பார்கள். எங்கள் மேசையில் அது பழசாவதில்லை, பாலியல் குற்றச் செய்தி என்றால் நிச்சயமாக இல்லை. எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம் பாலியல் வழக்குகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. விசாரணையும் கதவை மூடிக்கொண்டுதான் நடக்கும். இந்த மறைப்பு தேவையானதே, அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் பதிவு எழுதுகிறவருக்கு மிஞ்சுவது உங்கள் செய்தி ஒன்றுதான். இரவுப் பதிப்பு அவசரத்தில் விழுந்த ‘காமக்கொடூரன்’, ‘உல்லாசம்’, ‘விடுதலை’ எல்லாம் ஐந்து வருடம் கழித்து ஒரு கையேட்டில் தகவல் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சொற்களையும் எண்களையும் எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கடிதம்.

‘பாலியல் குற்றவாளி’ என்ற தலைச்சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் தரப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘காம வெறியால் பெண்களைக் கற்பழிப்பவன்’. நாலே சொல், நாலு பிழை.

‘காம வெறியால்’ என்பது காரணம் சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பிஎன்எஸ்) வன்புணர்வை வரையறுக்கும் 63ஆம் பிரிவு காரணத்தைக் கேட்கவில்லை. என்ன செய்தார், சம்மதம் இருந்ததா என்ற இரண்டைத்தான் கேட்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டமான போக்சோவின் சில பிரிவுகள் ‘பாலியல் நோக்கம்’ வேண்டும் என்கின்றன. நோக்கம் வேறு, வெறி வேறு. வெறி என்றதும் தன்னிலை மறந்தவன் என்ற சலுகை தானாக ஒட்டிக்கொள்கிறது. சட்டமோ எதிர்த்திசையில் போகிறது. காவலர், ஆசிரியர், காப்பாளர், உறவினர் என்று நம்பிக்கையும் அதிகாரமும் உள்ள இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனையைக் கூட்டுகிறது.

‘பெண்களை’ என்பது பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியை வெட்டி எறிகிறது. 2012இன் போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாத யாரும்தான், பையனும் உண்டு. குற்றம் செய்தவரும் ஆணாக இருந்தாக வேண்டியதில்லை. பிஎன்எஸ் 63 மட்டும் ஆண் பெண்ணுக்குச் செய்வது என்று வகுத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லாததால், வயதுவந்த ஆணுக்கு நேரும் வன்புணர்வுக்கு 1.7.2024 முதல் தனிப் பிரிவே கிடையாது. இந்த ஓட்டையைச் சொல்ல வேண்டிய இடமும் பதிவுதான். ‘பெண்களை’ என்று எழுதிவிட்டால் ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

‘கற்பழிப்பு’ பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, இருந்தாலும் சொல் இன்னும் சாகவில்லை. குற்றம் செய்தவரின் செயலை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவர் எதையோ இழந்ததாகச் சொல்லும் சொல் அது. எட்டு வயதுப் பையன் விஷயத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாலாவது பிழை விகுதியில் இருக்கிறது. ‘-பவன்’ பழக்கத்தைக் காட்டும். மீன் விற்பவன், வண்டி ஓட்டுபவன் என்பதுபோல, நேற்றும் செய்தான், நாளையும் செய்வான் என்று சொல்கிறது. நீதிமன்றம் தீர்ப்பது நடந்து முடிந்த ஒரு செயலை. தமிழில் அதற்குச் ‘செய்தவர்’ இருக்கிறது, தீர்ப்புக்கு முன்னால் ‘செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்’ இருக்கிறது. காலம் காட்டும் வினையாலணையும் பெயர் நம்மிடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது சோம்பல்.

நாங்கள் எழுதினால் இப்படி எழுதுவோம்: ‘பாலியல் குற்றவாளி – ஒரு நாட்டின் சட்டம் பாலியல் குற்றம் என வகுத்த செயலைச் செய்தார் என்று அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த நபர். வழக்கு நிலுவையில் உள்ளவரையும் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டவரையும் குறிக்காது.’ சுவை இல்லைதான். சாம்பாருக்குத்தான் சுவை வேண்டும், அகராதிக்கு அளவு போதும்.

ஆட்களைப் பற்றிய பதிவில் இந்தப் பெயர்ச்சொல்லையே தலையில் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. கடனை அடைத்தவரை யாரும் கடனாளி என்பதில்லை. குணமானவர் நோயாளி இல்லை. குற்றவாளி மட்டும் அழியாத பச்சையாக நிற்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இதற்கான சிகிச்சை, கண்காணிப்பு விதிகளை வகுக்கும் வாரியம் 2021 நவம்பரில் தன் விதிநூலில் ‘பாலியல் குற்றவாளி’ என்பதை எடுத்துவிட்டு ‘பாலியல் குற்றம் புரிந்த வயதுவந்தோர்’ என்ற பொருள்பட மாற்ற வாக்களித்தது. பெயர் ஒட்டிவிட்டால் ஆள் அதிலிருந்து மீள மாட்டார் என்றது ஒரு தரப்பு. பட்டவர்களின் வலியை மறந்து செய்தவருக்குச் சொல் மெழுகுகிறீர்கள் என்றது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் வழக்கம் இதுதான்: சொல்லுக்குப் பொருள் தரும் இடத்தில் பெயர்ச்சொல், ஆளைப் பற்றி எழுதும் இடத்தில் நீதிமன்றம், நாள், பிரிவு, தண்டனை சேர்ந்த வினைச்சொல். ‘2014இல் இன்ன நீதிமன்றத்தில் இன்ன குற்றத்துக்காகப் 10 ஆண்டுத் தண்டனை பெற்றார்’ என்ற வாக்கியத்தில் மெழுகலும் இல்லை, வசையும் இல்லை. ‘காமுகன்’ என்பதைவிட அது கனமாகத்தான் விழும்.

செயலின் பெயருக்கு வருவோம். ‘சிறுமிக்குப் பாலியல் தொல்லை’ என்ற தலைப்பு உங்கள் ஏட்டில் மட்டுமல்ல, எல்லா ஏட்டிலும் வருகிறது. போக்சோவில் சைகை, சொல், பின்தொடர்தல் ஆகியவை 11ஆம் பிரிவுத் துன்புறுத்தலில் சேரும், தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. பாலியல் நோக்கோடு தொடுவது 7ஆம் பிரிவு, 3 முதல் 5 ஆண்டு. ஊடுருவும் தாக்குதல் 3ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, குழந்தை 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு. இத்தனையும் ஒரு ‘தொல்லை’க்குள் போய்விடுகிறது. ஈவ்டீசிங் செய்தவரும் ஆயுள் தண்டனை பெற்றவரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். ஒருவருக்கு அது அநியாயமான கூடுதல், மற்றவருக்கு அநியாயமான தள்ளுபடி. ‘சில்மிஷம்’ இன்னும் மோசம், அதில் குறும்பின் வாசம் அடிக்கிறது. ‘ஆசை வார்த்தை கூறி உல்லாசம்’ என்பதில் பதினாலு வயதுக் குழந்தை பங்காளி ஆகிவிடுகிறாள். பெரியவர்கள் விஷயத்தில் வன்புணர்வு, பாலியல் தாக்குதல், பாலியல் துன்புறுத்தல் என்று மூன்று படி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். குழந்தைகள் வழக்கில் பிரிவு எண் இல்லாமல் எழுதவே கூடாது.

பிரிவு எண்ணிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1.7.2024க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்று தீர்ப்பு வந்தாலும் அது பழைய சட்டத்தின்படிதான் வரும். பதிவைப் ‘புதுப்பிக்கிறேன்’ என்று வன்புணர்வுக்கான பழைய சட்டத்தின் 376ஐ அடித்துவிட்டு பிஎன்எஸ் 64 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்றம் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். பழைய எண்ணை அப்படியே விடுங்கள். வேண்டுமானால் இன்றைய எண்ணை ‘ஒப்பு’ என்று பக்கத்தில் காட்டுங்கள்.

‘பாலியல் வன்கொடுமை’ என்ற சொல் கற்பழிப்பைத் துரத்த வந்தது, நல்ல வேலை செய்தது. ஆனால் ‘வன்கொடுமை’ தமிழில் ஏற்கெனவே ஒரு சட்டத்தின் பெயர், பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. ‘வன்கொடுமை வழக்கில் கைது’ என்று மொட்டையாக எழுதினால் எது என்று தெரியாது. இரண்டும் ஒரே வழக்கில் வந்தால் குழப்பம் முழுமையாகும். வாச்சாத்தி அப்படிப்பட்ட வழக்கு.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டைத் தேடல் என்று சொல்லி தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் வனம், காவல், வருவாய்த் துறை ஆட்கள் நுழைந்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர், அதில் வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது. இவர்களில் வன்புணர்வுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் 17 பேர். 12 பேருக்குப் 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு. மற்றவர்கள் மீது நிரூபணமானவை வேறு குற்றங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவையும் அவற்றில் உண்டு. வன்புணர்வுக்கு உள்ளான பெண்கள் 18 பேர். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. அந்த 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டது.

இதைச் சுருக்கும்போதுதான் கோளாறு வருகிறது. ‘வாச்சாத்தி: 269 பாலியல் குற்றவாளிகள்’ என்றால் தீர்ப்பைப் பார்க்காமலே செத்துப்போன 54 பேரைக் குற்றவாளி ஆக்குகிறோம். குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்தால் அவர்மீதான வழக்கு அற்றுப்போகும், குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. ‘215 பாலியல் குற்றவாளிகள்’ என்றால் 198 பேர்மீது நீதிமன்றம் சுமத்தாத குற்றத்தை நாம் சுமத்துகிறோம். சரி, 17 என்று மட்டும் போட்டுவிடலாமா? அப்போது ஒரு அரசு இயந்திரமே ஊரைச் சூறையாடிய வழக்கு, பதினேழு பேரின் ஒழுக்கக்கேடாகச் சுருங்கிவிடும். நாங்கள் ஏற்கிற வாக்கியம் இது: ‘குற்றஞ்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியரில் 54 பேர் தீர்ப்புக்கு முன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் பல்வேறு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் 17 பேர் வன்புணர்வுக் குற்றத்துக்காக.’ நாலு எண்ணும் இருந்தே ஆக வேண்டும். இடம் இல்லை என்று ஒன்றை வெட்டச் சொல்கிற பதிப்பாசிரியரிடம், வேறு பதிவில் வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

‘விடுதலை’க்கு வருகிறேன். தமிழ்ச் செய்தியில் இந்த ஒரு சொல் ஐந்து வேலை பார்க்கிறது. ஜாமீனில் வெளிவந்தால் விடுதலை. குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே வழக்கிலிருந்து விடுவித்தால் விடுதலை. குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பானால் விடுதலை. தண்டனைக் காலம் முடிந்து சிறைக் கதவைத் தாண்டினால் விடுதலை. அரசு தண்டனையைக் குறைத்து முன்கூட்டியே அனுப்பினாலும் விடுதலை. 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டு வன்புணர்வு, கொலை வழக்கின் தண்டனைக் கைதிகள் 11 பேர் 2022 ஆகஸ்ட் 15 அன்று முன்கூட்டியே அனுப்பப்பட்டபோது ‘11 பேர் விடுதலை’ என்று படித்தவர்களில் பலர் அவர்களை நிரபராதிகள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்கள்மீதான தீர்ப்பு அசையவே இல்லை. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைக் குறைப்பை ரத்து செய்து அவர்களை மறுபடி சிறைக்கு அனுப்பியது. ‘பிணையில் வெளிவந்தார்’, ‘குற்றம் நிரூபணமாகாததால் விடுவிக்கப்பட்டார்’, ‘தண்டனை முடித்து வெளிவந்தார்’ என்று பிரித்து எழுத இரண்டு சொல்தான் கூடும்.

விடுவிக்கப்பட்டார் என்பதற்கு ‘பொய்ப் புகார்’ என்று பொருளில்லை. பொய்ப் புகார் தனிக் குற்றம். போக்சோ 22ஆம் பிரிவில் அதற்குத் தனியாக நிரூபணம் வேண்டும், புகார் சொன்னது குழந்தை என்றால் தண்டனையே கிடையாது. சாட்சி பிறழ்ந்தால், தடயம் சரியாக எடுக்கப்படாவிட்டால், சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் போகும். ‘பொய் என அம்பலமானது’ என்று எழுதுகிறவர், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு நியாயம் செய்வதாக நினைத்துக்கொண்டு புகார் சொன்னவரைத் தீர்ப்பில்லாமல் தண்டிக்கிறார்.

மனசுக்கு ஒப்பாத தீர்ப்பை என்ன செய்வது? 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்ததைப் பற்றிய வழக்கில் இரண்டு காவலர்களை அமர்வு நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் ஒருவரை வன்புணர்வுக்கும் மற்றவரை மானபங்கத்துக்கும் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அடுத்த ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் நால்வர் அந்தத் தீர்ப்பைக் கண்டித்துத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். போராட்டம் பரவி 1983இல் சட்டமே திருந்தியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்ற 228ஏ பிரிவு பிறந்தது அந்தத் திருத்தத்தில்தான். இன்றைக்கு அந்த இருவரைக் ‘குற்றவாளிகள்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. மூன்று நீதிமன்றங்கள் சொன்னதையும், கடைசித் தீர்ப்பு எப்படிக் கண்டிக்கப்பட்டது என்பதையும், சட்டம் மாறியதையும் வரிசையாக வைத்தால் வாசகருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

தீர்ப்புக்குத் தேதி போடுவது ஏன் என்பதற்கு அமெரிக்க நடிகர் பில் காஸ்பி போதும். 2018 ஏப்ரலில் குற்றவாளி என்று தீர்ப்பு. 2021 ஜூன் 30 அன்று பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கும் தடை விதித்தது. வழக்குத் தொடர மாட்டேன் என்று முந்தைய அரசு வழக்கறிஞர் கொடுத்த உறுதி மீறப்பட்டது என்பது காரணம். 2019இல் அச்சான கையேட்டில் ‘குற்றவாளி’ சரி. 2022 மறுபதிப்பில் அதுவே தவறு. ‘நிரபராதி எனத் தீர்ப்பு’ என்று மாற்றினாலும் தவறு. அமெரிக்க நிதியாளர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் இன்னொரு வகை. 2008இல் ஃபுளோரிடாவில் மாநிலச் சட்டத்தின் கீழ் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார், ஆக ‘தண்டிக்கப்பட்டவர்’ என்பதில் பிழையில்லை. 2019 ஜூலையில் பாலியல் கடத்தல் குற்றச்சாட்டில் கைதாகி ஆகஸ்ட் 10 அன்று சிறையில் இறந்தார், அந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ‘பாலியல் கடத்தலுக்காகத் தண்டிக்கப்பட்டவர்’ என்று எழுதினால் இரண்டையும் ஒட்டுப்போட்டுவிட்டோம் என்று பொருள். பிரிட்டனின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி சாவில் 2011இல் இறக்கும்வரை ஒரு வழக்கையும் சந்திக்கவில்லை. 2013 ஜனவரியில் லண்டன் போலீசும் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை அவர்மீது 214 குற்றப் புகார்களைப் பதிவு செய்தது. அங்கே வாக்கியத்தின் எழுவாய் நீதிமன்றம் இல்லை, அந்த அறிக்கை.

‘பதிவு செய்யப்பட்ட பாலியல் குற்றவாளி’ என்று மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவு பெற்ற மருத்துவர், பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் மாதிரி அது ஏதோ உரிமம் போல ஒலிக்கிறது. அமெரிக்காவில் 1994, 1996, 2006 ஆண்டுகளின் மத்தியச் சட்டங்களால் வலுப்பட்ட, பொதுமக்களே தேடிப் பார்க்கக்கூடிய பட்டியல் இருக்கிறது. 2006 சட்டப்படி குற்றத்தின் படியைப் பொறுத்து 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் என்று பெயர் அதில் நிற்கும். பிரிட்டனிலும் பதிவு உண்டு, பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. இந்தியாவில் 2018 செப்டம்பர் 20 அன்று தேசியத் தரவுத்தளம் தொடங்கப்பட்டபோது தண்டிக்கப்பட்ட 4.4 லட்சம் பேரின் விவரம் அதில் இருந்தது. காவல் துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். ஆகவே இங்குள்ள ஒருவரை ‘பதிவு செய்யப்பட்ட’ என்று எழுத நமக்கு ஆதாரமே கிடைக்காது. வெளிநாட்டவர் என்றால் ‘அரசின் பாலியல் குற்றப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்’ என்று நாட்டையும் சேர்த்து எழுதலாம்.

வயதும் நாட்டைச் சேர்ந்ததே. தமிழில் எழுதும் கையேடு சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் படிக்கப்படுகிறது. பாலியல் சம்மதத்துக்கு இந்தியாவில் 18, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 16. இலங்கையில் ‘வல்லுறவு’, ‘சந்தேகநபர்’ என்று எழுதுவார்கள். அந்த நாட்டுச் செய்தியைச் சுருக்கும்போது அந்தச் சொற்களைத் தமிழ்நாட்டுச் சொல்லாக மாற்ற வேண்டியதில்லை. 18 என்ற எல்லைக்குள் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து ஓடிப்போன வழக்கும் விழுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. எனவே ‘போக்சோவில் தண்டனை பெற்றவர்’ என்பதைக் ‘குழந்தைகளை வேட்டையாடியவர்’ என்று பெயர்க்க முடியாது. குற்றம் செய்தவரே 18க்குக் கீழ் என்றால் ‘குற்றவாளி’ என்ற சொல்லும் பெயரும் படமும் கிடையாது. ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்பதே சொல். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு அடையாளத்தைத் தடுக்கிறது.

‘பீடோஃபைல்’ என்பதைக் குற்றப் பெயராகப் போடுவதையும் நிறுத்தலாம். அது மருத்துவச் சொல். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் அளவுகோல்படி, பருவமடையாத குழந்தைகள் மீதான ஈர்ப்பு குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், ஆளுக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும், குழந்தையைவிட ஐந்து வயதாவது மூத்திருக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுமை செய்த எல்லோருக்கும் அந்த நிலை இருக்காது. அந்த நிலை உள்ள எல்லோரும் குற்றம் செய்தவர்களும் இல்லை. அதேபோல ‘சிறார் ஆபாசப் படம்’. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லை நீதிமன்றங்கள் பயன்படுத்த வேண்டாம் என்றது. படத்தில் இருப்பது ஆபாசம் இல்லை, ஒரு குழந்தைக்கு நடந்த குற்றத்தின் பதிவு. ‘குழந்தைப் பாலியல் சுரண்டல் பதிவு’ என்று நாங்கள் எழுதுகிறோம்.

புள்ளிவிவரத்தில் ஒரு கதை. 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகள் மறுபடி குற்றம் செய்யும் விகிதம் 80 சதவீதம் வரை இருக்கலாம் என்றது. அதன் மூலத்தைத் தேடிப் போனால் ஒரு அரசுக் கையேடு, அதன் மூலம் 1986இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகையில் சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்தியவர் ஆதாரம் காட்டாமல் எழுதிய ஒரு வரி. 1994இல் 15 மாநிலங்களில் பாலியல் குற்றத்துக்கான சிறைவாசத்திலிருந்து வெளிவந்த 9,691 ஆண்களை அமெரிக்க நீதித்துறைப் புள்ளியியல் அலுவலகம் பின்தொடர்ந்தபோது, மூன்று ஆண்டுக்குள் மறுபடி பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3 சதவீதம். இதையும் அம்மணமாகப் போடக் கூடாது. கைதானவர்களை மட்டுமே அது எண்ணுகிறது, புகாருக்கே வராதது அதில் இல்லை. எத்தனை ஆண்டு, கைதா தண்டனையா, எந்த நாடு என்ற மூன்றும் ஒட்டாத சதவீதத்தை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுகிறோம். நம் தேசிய குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளில் வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றஞ்சாட்டப்பட்டவர் தெரிந்தவர் என்று வருகிறது. ‘இருட்டில் பாயும் அந்நியன்’ என்ற படத்தை அது உடைக்கிறது, எடுத்துக்காட்ட வேண்டியதுதான். ஆனால் திருமணம் செய்வதாகக் கூறியவர்களும் அந்தத் ‘தெரிந்தவர்’ கணக்கில் இருப்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பெயரை எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிஎன்எஸ் 72இல் இரண்டு ஆண்டு வரை, போக்சோ 23இல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. இறந்தவருக்கும் இது பொருந்தும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தெரியாமல் நடப்பது துண்டு துண்டாகச் சேரும் அடையாளம். ஒரு ஏடு குற்றவாளியின் பெயரையும் ஊரையும் போடுகிறது. இன்னொரு ஏடு பெயரை விட்டுவிட்டு ‘மகளுக்கு’ என்று போடுகிறது. கையேடு எழுதுகிறவர் இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல முழுமையான வாக்கியம் எழுதுவார். அந்த வாக்கியம் அந்தப் பெண்ணின் விலாசம். அதனால் குடும்பத்துக்குள் நடந்த குற்றத்தில் ஒன்று குற்றவாளியின் பெயர் இருக்கலாம், அல்லது உறவு இருக்கலாம், இரண்டும் கூடாது. நாங்கள் உறவை வைத்துக்கொண்டு பெயரை விடுகிறோம், படிப்பவருக்குப் பயன்படுவது அதுதான். பள்ளிப் பெயர், வகுப்பு, தெரு, தேதியோடு சேர்ந்த மருத்துவமனைப் பெயர் எல்லாம் இதே சல்லடைக்குள் போக வேண்டும். வாச்சாத்தி போல ஊர்ப் பெயரே வழக்கின் பெயராகிவிட்ட இடத்தில் எண்ணிக்கை மட்டும் போதும். வயது, குடும்ப விவரம் எதுவும் வேண்டாம்.

‘அவர்’ பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு வரும் வசைக் கடிதங்களில் பாதி இதற்குத்தான். ‘அந்த நாய்க்கு எதுக்குய்யா மரியாதை?’ பதிவில் வரும் ‘-அர்’ மரியாதை இல்லை, மேசை நாற்காலி மாதிரி அது வீட்டுச் சாமான், எல்லோருக்கும் ஒன்றுதான். ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற அமைச்சருக்கு ‘அவர்’, பாலியல் வழக்கில் கைதான கூலித் தொழிலாளிக்கு ‘அவன்’ என்று மாற்றினால் விகுதியில் வெளிப்படுவது எந்தக் குற்றம் என்பதைவிட எந்த வகுப்பு என்பதுதான்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. தீர்ப்புச் செய்தியில் நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பு நாள், நிரூபணமான பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு என்ற நாலையும் ஒரே பத்தியில் போடுங்கள். சுமத்தப்பட்டு நிரூபணமாகாத பிரிவு இருந்தால் அதையும் சேருங்கள். கைதுச் செய்தியை முதல் பக்கத்தில் போட்ட வழக்கில் மூன்று வருடம் கழித்து விடுவிப்பு வந்தால், உள்பக்கத்திலாவது பழைய செய்தியின் தேதியைக் குறிப்பிட்டுப் போடுங்கள். அந்தத் தேதி இருந்தால்தான் எங்களால் பழைய பதிவைத் தேடிப் பிடித்துத் திருத்த முடியும்.

இப்படிக்கு,
கலைச்சொல், கையேட்டுப் பணியில் உள்ள மூவர்,
மதுரை.